இடைக்காலப் பெஞ்சு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. சக்கரத்தில் நெருப்புப் பற்றிக்கொண்டால் அணைப்பதற்கு வாளியையும் கண்டுபிடித்தது. ஆனால் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும்படியான ஒரு முடிவை எடுக்கும் பொறுப்பை வரலாறு வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நகரத்தின் தெருவிளக்கு நிர்வாக அலுவலகத்திடம் கொடுத்தது. அலுவலக ஆவணங்களைத் தாளில் வைப்பதா, கணினியில் வைப்பதா என்பதே அந்த முடிவு. வரலாற்றுக்கு ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வரலாறு அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் ஆவண அறை இருந்தது. அதன் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே கூரை வரை அடுக்கியிருந்த கோப்புக் கட்டுகளில் ஒரு வரிசை, கடமை முடிந்த நிம்மதியில், ஒருநாள் மத்தியானம் சரிந்து கதவின் மேல் சாய்ந்துகொண்டது. அதன் பிறகு ஓர் ஆள் ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழையும் அளவுக்குத்தான் கதவு திறந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் உள்ளே போகலாம். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் மறுநாள்தான். சாதாரண அலுவலகமாக இருந்தால் கதவைக் கழற்றியிருப்பார்கள். இது தொலைநோக்குள்ள அலுவலகம். ஆகவே குழு அமைத்தார்கள்.

"தாள்–மின் தேர்வு உயர்மட்டக் குழு" என்று அதற்குப் பெயர். குழு பிறந்த அன்று காலையே தன் முதல் சுற்றறிக்கையை வெளியிட்டது. இறுதி முடிவு எடுக்கப்படும்வரை எந்த ஆவணத்தையும் தாள் முறையிலோ மின் முறையிலோ சேமிக்கக் கூடாது என்றது அது. நியாயம்தானே? எதில் வைப்பது என்று தெரியாமல் எதிலாவது வைத்துவிட்டால், வைத்தது தப்பாகிவிடாதா?

இதில் ஒரு சின்னச் சங்கடம். அந்த அலுவலகத்தில் சேமிப்பு எண் இல்லாத உத்தரவு உத்தரவே அல்ல. இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், முத்திரை விழுந்திருந்தாலும், சேமித்து எண் வாங்கிய பிறகுதான் அதற்கு உயிர். அப்படியானால் கையெழுத்தாகி, எண் கிடைக்காமல் நிற்கும் உத்தரவுகளை எங்கே வைப்பது? தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. அவர்களை மரியாதையாக எழுப்பிவிட்டு, உத்தரவுகளை அதன் மேல் அடுக்கி, "இடைக்கால ஆவண மையம்" என்று பலகை மாட்டினார்கள். எழுப்பிவிடப்பட்டவர்களையும் அலுவலகம் கைவிடவில்லை. "பொதுமக்கள் நின்றபடியே சேவை பெறும் நவீன முறை" என்று இன்னொரு பலகை மாட்டினார்கள்.

பல்பு மாற்றச் சொல்லும் உத்தரவுகள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தன. தெருக்கள் ஒவ்வொன்றாக இருட்டாகின. அந்த மாத அறிக்கையில் இதை "குறிப்பிடத்தக்க மின் சிக்கனம்" என்று எழுதினார்கள். தாழ்வாரத்து பல்பும் ஒருநாள் போனது. அதை மாற்றும் உத்தரவு உடனே கையெழுத்தாகி, அதே பல்புக்கு நேர் கீழே, பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

இப்போது மினிட்ஸ் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதவி இளநிலை உதவியாளர். கூட்டம் நடந்தால் அதன் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பை எழுதுகிறவள் அவள்தான் என்பதால் அந்தப் பெயர். வயதில் பெரியவர்கள் சிலர்கூட அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். உயர்மட்டக் குழுவுக்கும் அவளே செயலாளர். அவள் கைக்கு ஒரு வரம் இருந்தது. கூட்டத்தில் எப்படிப்பட்ட குடுமிப்பிடிச் சண்டை நடந்தாலும் அவள் எழுதினால் அது பன்னீர் தெளித்தது போல் ஆகிவிடும்.

"உன் கம்ப்யூட்டரத் தூக்கி ஜன்னல் வழியா வீசிடுவேன்" என்று ஒருவர் கத்துவார். அக்கா எழுதுவாள்: "கணினிகளின் இடமாற்றம் குறித்து ஓர் உறுப்பினர் ஆலோசனை வழங்கினார்."

"உங்க கட்டுக்கெல்லாம் ஒரு தீக்குச்சி போதும்" என்று மற்றவர் பதிலுக்குக் கத்துவார். அக்கா எழுதுவாள்: "ஆவண அறையில் கூடுதல் வெளிச்சத்துக்கு வழிவகைகள் ஆராயப்பட்டன."

இப்படி ஒரு கை இருந்தால் எந்த அலுவலகம் விடும்? ஆனால் அக்கா போக வேண்டியிருந்தது. அவள் கணவர் வேறொரு நகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் அப்பாவோடும் அத்தையோடும் அங்கே வளர்ந்தாள். அக்கா வார இறுதியில் பஸ் ஏறிப் போய், மகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு, அவள் தூங்கும்போது கிளம்பி வருவாள். விழித்திருக்கும்போது கிளம்பினால் கிளம்ப முடியாது. பல வருஷம் நடையாய் நடந்து அந்த நகரத்துக்கு மாறுதல் வாங்கியிருந்தாள். இயக்குநர் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சுற்றறிக்கை காலையில் வந்தது. கையெழுத்து மத்தியானம் விழுந்தது. ஆகவே மாறுதல் உத்தரவு நேராகப் பெஞ்சுக்குப் போனது.

மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கே காலியாக இருக்கும் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதற்கு அடுத்த நாள் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. முதல் முதலாகப் போகும் பள்ளிக்கூடம். லீவு போட்டுவிட்டாவது போகலாமே என்று தோன்றும். அக்காவுக்கும் தோன்றியது. லீவு உத்தரவும் கையெழுத்தாகி, மாறுதல் உத்தரவுக்குத் துணையாகப் பெஞ்சில் படுத்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனாலோ மாறுதலே ரத்து. ஆக, தாளா மின்னா என்று குழு ஒரு முடிவுக்கு வந்தால்தான் அவள் தன் பெண்ணிடம் போய்ச் சேர முடியும்.

குழுவின் தலைவர் இயக்குநர். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி யார் மனதையும் அவர் நோகடித்ததில்லை. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். மழை வருகிறதா என்று கேட்டாலும், ஜன்னலோரம் நின்றுகொண்டே, பார்க்கலாம் என்பார். இந்த ஒரு சொல்லை ஊன்றிக்கொண்டே அவர் அந்த நாற்காலி வரை ஏறியிருந்தார். கையெழுத்து விஷயத்தில் மட்டும் தாராளம். தனக்கு முன்னால் இரண்டு பேர் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தானும் போடுவார்.

தாள் தரப்புக்குத் தலைமைக் கணக்கர். கோப்புகளைத் தானே சணலில் கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்குகிறவர் என்பதால் அவருக்குக் கட்டு சார் என்று பெயர். மின் தரப்புக்குத் துணை இயக்குநர். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் க்ளவுடில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அவர் மேகம் சார். இப்படி இரண்டு மேதைகள் ஒரே அலுவலகத்தில் அமைவது அபூர்வம். பல அலுவலகங்கள் ஒன்றை வைத்துக்கொண்டே திண்டாடுகின்றன.

"தாள்னா தொட்டுப் பாக்கலாம், மோந்து பாக்கலாம்," என்று கட்டு சார் கூட்டத்தைத் தொடங்கினார். "உங்க க்ளவுட மோந்து பாருங்க, பாப்போம்."

"ஆவணத்த எதுக்கு சார் மோக்கணும்?"

"பழசா புதுசான்னு எனக்கு மூக்குலயே தெரிஞ்சுடும்."

"கம்ப்யூட்டர்ல தேதியே போட்டிருக்கும் சார்."

"தேதிய எவன் வேணா போடலாம். வாசனைய எவன் போடுவான்?"

மேகம் சாருக்குப் பயிற்சி வகுப்பில் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை. "கரையான் அரிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று பேச்சை மாற்றினார்.

"கரையான் வருஷக்கணக்குல அரிக்கும். அதுக்கு ஒரு நிதானம் இருக்கு. உங்க கரண்டு பொசுக்குன்னு போயிடும். நிதானம் உள்ளது எது, நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு," என்றார் இயக்குநர். "பார்க்கலாம்."

அக்கா எழுதினாள்: "ஆவணங்களின் நறுமணம் குறித்து ஆழ்ந்த விவாதம் நடைபெற்றது. கரையானின் நிதானம் பாராட்டப்பட்டது." எழுதிவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். மாதம் பாதிக்கு மேல் போயிருந்தது.

பேசித் தீராததைச் செய்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு "செயல்முறை விளக்கம்" ஏற்பாடானது. முச்சந்தி விளக்குக் கம்பத்தின் கோப்பை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் முறையே வெற்றி. கட்டு சார் பிஸ்கட்டைத் தொடாமல், வெறும் வயிற்றோடு, ஒருக்களித்து ஆவண அறைக்குள் நுழைந்தார். மேகம் சார் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். இயக்குநர் தானே விசில் ஊதினார்.

பிறகு அறைக்குள்ளிருந்து கட்டு சாரின் குரல் தூசியோடு வந்தது.

"முச்சந்தி எந்த அலமாரியில இருக்குன்னு சொல்லுங்க."

"அந்த விவரம் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கு சார்," என்றார் மேகம் சார்.

"அப்ப பாத்துச் சொல்லுங்க."

"பாக்கலாம். பாஸ்வேர்டு வேணும்."

"போடுங்க."

"பத்திரமா இருக்கட்டும்னு ஒரு தாள்ல எழுதிக் கவர்ல போட்டு வச்சேன் சார்."

"கவர் எங்க?"

"நீங்க நிக்கிற ரூம்லதான்."

"எந்த அலமாரியில?"

"அதான் சார், கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கு."

இயக்குநர் சங்கீதம் கேட்பதுபோல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அடடா," என்றார். "என்ன ஒரு ஒற்றுமை."

கட்டு சாரை வெளியே எடுப்பது சிரமமாகிவிட்டது. உள்ளே நடந்த நடையில் இன்னொரு வரிசையும் சரிந்து கதவின் மேல் உட்கார்ந்துவிட்டது. மேகம் சார் ஒரு கையையும் அக்கா ஒரு கையையும் பிடித்து இழுக்க, இயக்குநர் "மெதுவா, மெதுவா, ஆவணம் கிழிஞ்சிடப் போகுது" என்று மேற்பார்வை செய்தார். கட்டு சார் வந்துவிட்டார். சட்டைப் பொத்தான்கள் உள்ளேயே தங்கிவிட்டன. அக்கா எழுதினாள்: "இரு முறைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது ஐயமற நிரூபணமாயிற்று. தலைமைக் கணக்கர் ஆவண அறையில் நெடுநேரம் தங்கி ஆய்வு மேற்கொண்டார்."

அன்று மத்தியானம் கணவரிடமிருந்து போன் வந்தது. அக்கா இருட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள்.

"இங்க ஆபீஸ்ல விசாரிச்சேன்," என்றார் அவர். "மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். அடுத்து ஒருத்தர் ரெடியா காத்துக்கிட்டிருக்காராம்."

"நான் என்னங்க பண்றது? உத்தரவு கண்ணுக்கு முன்னாடி கிடக்குது. கையில எடுக்க முடியல."

"சும்மா எடுத்துட்டு வந்துடேன்."

"நம்பர் இல்லாம கொண்டாந்தா அங்க வாசப்படியே ஏத்த மாட்டாங்க."

போன் கை மாறியது. "அம்மா, ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு நீதானே கூட்டிட்டுப் போவ?" என்றாள் மகள். "அத்தை ரொம்ப இறுக்கிப் பின்னி விடறாங்க. தலை வலிக்குது. நீ பின்னினா வலிக்காது."

"நான்தான்டா கண்ணு கூட்டிட்டுப் போவேன்."

"சத்தியமா?"

நாளெல்லாம் "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று எழுதுகிறவளுக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சத்தியமா" என்றாள்.

பெஞ்சின் மறுமுனையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ஆள் கனைத்தார். தன் தெருவிளக்குக்காகத் தினமும் வந்து நிற்கிறவர். இருட்டுத் தெருக்காரர் என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பேசி முடிச்சிட்டீங்களாம்மா? எங்க தெரு லைட்டு உத்தரவு எந்த அடுக்குல இருக்குன்னு தெரியுமா? தொட மாட்டேன். பாத்துட்டு மட்டும் போறேன்."

அக்கா போன் வெளிச்சத்தில் தேடிக் காட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையெழுத்தெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டம் பெஞ்சுக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்பதைப் பற்றியே நடந்து, பார்க்கலாம் என்று முடிந்தது. அக்கா தன் மேஜைக்கு வந்தாள். பேனாவைத் திறந்தாள். இத்தனை நாளாக நடந்ததை நல்லவிதமாக எழுதிவந்தாள். இன்று நடக்காததை எழுதினாள்.

"நீண்ட விவாதத்துக்குப் பின், ஆவணங்களைத் தாள் வடிவிலும் மின் வடிவிலும் ஒருங்கே சேமிப்பதெனக் குழு தீர்மானித்தது."

இதோடு நிறுத்தியிருக்கலாம். முடிவு வந்தாயிற்று, இரண்டு கட்சிக்கும் வெற்றி, அவளுக்கு எண். ஆனால் பத்தி மொட்டையாக நிற்பதுபோல் அவளுக்குப் பட்டது. நல்ல எழுத்தாளர்களுக்கு வரும் கேடு இதுதான். ஓசைக்காக இன்னொரு வரி சேர்த்தாள்: "இரு வடிவங்களும் எல்லா வகையிலும் ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும்." படித்துப் பார்த்தாள். கம்பீரமாக இருந்தது.

கட்டு சார் "தாள்" என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். மேகம் சார் "மின்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் போட்டார். இயக்குநர் இரண்டு கையெழுத்தையும் பார்த்துவிட்டுப் போட்டார்.

"பிரமாதமான முடிவு," என்றார். "எப்ப எடுத்தோம்?"

"நேத்து சார்."

"நேத்தா. நேத்து நான் நல்ல தெளிவாத்தான் இருந்தேன்."

மாதத்தின் கடைசி நாளன்று, பெரிய அறையில், புதிய முறையின் தொடக்க விழா நடந்தது. பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் அக்கா தன் மாறுதல் உத்தரவை மேலே கொண்டுவந்திருந்தாள். அதற்கு அடுத்ததாக இருட்டுத் தெருவின் உத்தரவை வைத்திருந்தாள். பையில் துணிமணிகளைக் கட்டி மேஜைக்குக் கீழே வைத்தாயிற்று. சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. புது ஆபீஸில் இரவுப் பணியாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் அன்றைய தேதி கணக்கில் வரும் என்று கணவர் கேட்டு வைத்திருந்தார்.

மேகம் சார் முதல் உத்தரவை எடுத்து ஸ்கேன் செய்தார். திரையில் அது அப்படியே வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஸ்கேன் பண்ணியாச்சுன்னு தாளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கட்டு சார். எழுந்து வந்து, "மின்வடிவம் எடுக்கப்பட்டது" என்ற புது முத்திரையை உத்தரவின் ஓரத்தில் ஓங்கிக் குத்தினார். அதற்கும் கைதட்டினார்கள். இனி ஒப்பிட்டுப் பார்த்து எண் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கட்டு சார் தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இதுல முத்திரை இருக்கு. அதுல இல்லையே."

"முத்திரை குத்துறதுக்கு முன்னாடி எடுத்தது சார் அது."

"எனக்குப் புரியுது. ஆனா 'எல்லா வகையிலும் ஒத்திருத்தல் வேண்டும்'னு நாமதான தீர்மானிச்சிருக்கோம்?"

"அதுவும் சரிதான். திரும்ப எடுத்துடலாம்."

திரும்ப ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேன் செய்ததால் முத்திரை குத்தினார்கள். ஒப்பிட்டார்கள். திரையில் ஒரு முத்திரை இருந்தது. தாளில் அதைவிட ஒன்று கூடுதலாக இருந்தது.

"விடுங்க, இன்னொரு தடவை," என்றார் மேகம் சார்.

அக்கா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், முத்திரைய முதல்ல குத்திட்டு அப்புறம் ஸ்கேன் பண்ணினா ரெண்டும் ஒண்ணா வந்துடுமே," என்றாள்.

கட்டு சாரும் மேகம் சாரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "எடுக்கறதுக்கு முன்னாடியே 'எடுக்கப்பட்டது'ன்னு குத்தறதா?" என்றார் கட்டு சார். "அது பொய்ச் சான்றுக்கா," என்றார் மேகம் சார். குழு பிறந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"சார், அந்த 'எல்லா வகையிலும்'ங்கிற வரி நான் சும்மா எழுதினது."

"நீங்க எழுதலாம்மா. தீர்மானிச்சது நாங்க," என்றார் இயக்குநர்.

அதற்குப் பிறகு அறையில் ஒரு வேகம் வந்தது. மேகம் சார் எடுக்க, கட்டு சார் குத்த, மறுபடி எடுக்க, மறுபடி குத்த, இயக்குநர் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார். மை தீர்ந்து வேறு மை வந்தது. கட்டு சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஓரத்தில் தொடங்கிய முத்திரை தலைப்பில் ஏறியது. பிறகு நடுவே இறங்கியது. அக்காவின் பெயர் மேல் ஒன்று விழுந்தது. போக வேண்டிய ஊரின் மேல் ஒன்று விழுந்தது. "குடும்ப நலன் கருதி" என்ற வரி ஒரே குத்தில் போனது. கடைசியில் இயக்குநரின் கையெழுத்தே மைக்குள் முங்கியது. அவர் அதை எட்டிப் பார்த்து, "நல்ல அழுத்தம்," என்றார்.

"சார், போதும் சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அக்கா கெஞ்சினாள்.

"அவசரப்படாதீங்கக்கா. உங்களுக்காகத்தான பாடுபடறோம்," என்றார் மேகம் சார். அவர் உண்மையாகவே பாடுபட்டார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

சாயங்காலம் ஆனது. கட்டு சார் முத்திரையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே குத்த இடமில்ல."

"அப்ப குத்த வேண்டாம்," என்றார் மேகம் சார், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒப்பிட்டுப் பாருங்க."

தாள் முழுக்க நீலம். திரை முழுக்க நீலம். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இருவரும் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

"ஒத்திருக்கு."

"எல்லா வகையிலும்."

தாளும் மின்னும் கட்டிப்பிடித்துக்கொண்டன. இயக்குநர் தன் கையாலேயே சேமிப்பு எண்ணை ஒரு சீட்டில் எழுதி உத்தரவோடு குண்டூசியால் குத்தி அக்காவிடம் நீட்டினார். நகரத்தின் முதல் முழுமையான ஆவணம் அது.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "சார், யாரை எந்த ஊருக்கு மாத்தியிருக்குன்னே தெரியலையே."

"அதான் எண் இருக்கேம்மா."

"எண் இருக்கு சார். உத்தரவு இல்லையே. வேற ஒண்ணு போட்டுக் கொடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏற்கெனவே ஒண்ணு சேமிச்சாச்சே. ஒரே ஆளுக்கு ரெண்டு உத்தரவு எப்படிப் போடறது?" என்று கட்டு சார் நியாயம் கேட்டார். மேகம் சாரின் கவலை வேறு மாதிரி இருந்தது. "அப்படியே போட்டாலும் அதையும் இதே முறையில சேமிக்கணும்க்கா," என்றார். இயக்குநர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பார்க்கலாம்," என்றார். வெளியே சாயங்கால பஸ் போயிருக்கும்.

மறுநாள் காலை அக்கா அலுவலகத்துக்கு வந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கணவர் அதிகம் பேசவில்லை. வேறு ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு மகளிடம் கொடுத்தார்.

"அத்தைதான்மா கூட்டிட்டுப் போறாங்க," என்றாள் மகள். "ஷூ போட்டாச்சு. நீ சத்தியம் பண்ணின இல்ல?"

"பண்ணினேன்டா."

"பரவால்லம்மா," என்றாள் அந்தக் குழந்தை. "ஆபீஸ்ல விட மாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு." அப்புறம் ஆட்டோ வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அக்கா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது குழுவின் நிறைவுக் கூட்டம் தொடங்கியிருந்தது. எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை. புதிய முறையைப் பார்க்க மற்ற அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வரப்போவதாகச் செய்தி வந்திருந்தது. விருது ஒன்றும் பேச்சில் இருந்தது. அதற்கு நல்லதாக ஒரு நிறைவுக் குறிப்பு வேண்டும்.

"நீங்களே எழுதிடுங்கம்மா," என்றார் இயக்குநர். "உங்க கை ராசியான கை."

அக்கா எழுதினாள். பேனா நிற்காமல் ஓடியது. எந்த வார்த்தையையும் பூசி மெழுக வேண்டியிருக்கவில்லை. எழுதியதை அவர்கள் முன் வைத்தாள்.

"மாறுதல் உத்தரவு ஒன்று எவராலும் படிக்க முடியாதபடி முத்திரையிடப்பட்டுச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டது. அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய பணியிடம் பறிபோனது. தெருவிளக்கு உத்தரவுகள் நிலுவையில் வைக்கப்பட்டு நகரம் இருட்டாக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தின் முதல் நாளன்று ஒரு குழந்தையை அதன் தாய் கைப்பிடித்து அழைத்துப் போகத் தேவையில்லை என்று இக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது."

கட்டு சார் "சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டது" என்ற இடம் வரை வந்து, திருப்தியாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மேகம் சார் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் தன் கையெழுத்தைப் போட்டார். இயக்குநர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், வழக்கத்துக்கு மாறாக, தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வரிவரியாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது அவர் நெற்றி சுருங்கியது. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சேம்மா," என்றார் இயக்குநர். "'ஒருமனதாக'ங்கிறதுக்குப் பக்கத்துல 'மகிழ்ச்சியுடன்'னு சேர்த்துக்கோங்க."